குதிரை பேசும் ஆங்கிலம்

காகம் கரையும், குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும், நரி ஊளையிடும், குதிரை கனைக்கும். ஊரில் ஆரம்பப் பள்ளியில் தமிழ் படித்த யாரை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் இந்த மரபை ஒப்பித்துவிடுவார்கள். ‘குதிரை கத்தும்’ என்று பரீட்சையில் எழுதினால் அரை மார்க் போச்சு. ஒரு பிராணிக்கு ஒரு வினைச்சொல். அத்தோடு பாடம் முடிந்தது.

ஆங்கிலத்திலும் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. நம் வீட்டுக் குழந்தைகள் இங்கே கான்வென்டில் படிப்பது அதைத்தான். நாய் ‘பார்க்’, சிங்கம் ‘ரோர்’, ஆந்தை ‘ஹூட்’, குதிரை ‘நெய்’. ஆமாம், வெண்பொங்கலில் விடுகிற நெய்தான். உச்சரிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் தடவை கேட்கிற தமிழ்க் குழந்தை, குதிரைக்குக் கொள்ளு போதாமல் நெய்யும் கேட்கிறதாக்கும் என்று நினைத்தால் அதன்மேல் குற்றமில்லை.

பள்ளிக்கூடப் பட்டியல் அங்கே நின்றுவிடுகிறது. ஆங்கில மொழி நிற்கவில்லை. நெய்க்கு அடுத்து ‘வின்னி’ உண்டு. ‘நிக்கர்’ உண்டு. (நம்மூரில் சின்னப் பையன்கள் போட்டுக்கொள்கிற அரைக்கால் சட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அப்புறம் ‘ஸ்னார்ட்’, ‘ப்ளோ’, ‘ஸ்க்வீல்’, ‘ஸ்க்ரீம்’, ‘க்ரோன்’. போதாததற்குச் சில குதிரைகள் சிங்கம் மாதிரி ‘ரோர்’ வேறு செய்யும். அப்படிச் செய்கிற குதிரையின் விலை அன்றே பாதியாகிவிடும். இத்தனை சொல் எதற்கு என்று கேட்கலாம். ஒவ்வொன்றும் வெவ்வேறு சத்தம் என்பது மட்டுமல்ல, ஒவ்வொன்றும் வெவ்வேறு செய்தி.

இதெல்லாம் எனக்கு அகராதி பார்த்து வந்த ஞானம் அல்ல. புணேக்குப் பக்கத்தில் ஒரு குதிரைப் பண்ணையில் பதினெட்டு வருஷம் கணக்கெழுதியவன் நான். வேலையில் சேரும் நாள்வரை அய்யனார் கோயில் மண்குதிரையைத் தவிர வேறு குதிரையைப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. லாயத்திலிருந்து தினமும் காலையில் ஒரு டைரி ஆபீசுக்கு வரும். எந்தக் குதிரைக்கு எவ்வளவு ஓட்ஸ், எவ்வளவு புல், யாருக்கு லாடம் மாற்றியாயிற்று என்பதெல்லாம் அதில் இருக்கும். நான் பார்க்க வேண்டியது செலவுப் பகுதியை மட்டும்தான். ஆனால் ஓரத்தில் ஆங்கிலத்தில் ஓரிரு சொல்லில் குறிப்புகள் இருக்கும்: இன்ன குதிரை ராத்திரி முழுக்க வின்னி, இன்னது ப்ளோ, இன்னது தீனி நேரத்தில் நிக்கர் செய்யவில்லை. கடைசியாகச் சொன்ன குறிப்பு வந்த அன்று மானேஜர் காபியைக்கூடக் குடிக்காமல் லாயத்துக்கு ஓடுவார். வழக்கமாகப் போடுகிற ஒரு சத்தத்தைக் குதிரை போடவில்லை என்பதற்கா இந்த ஓட்டம் என்று விசாரிக்கப்போய்த்தான் எனக்கு இந்தப் பித்து பிடித்தது.

முதலில் ‘நெய்’யையே எடுத்துக்கொள்வோம். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் இது ‘ஹ்நேகன்’ என்பதுபோல் இருந்தது. மூக்கால் மூச்சை விட்டுக்கொண்டே ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். பக்கத்து அறையில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். காலப்போக்கில் முன்னால் இருந்த ‘ஹ’ உதிர்ந்தது, பின்னால் இருந்த ‘க’ கரைந்தது. உச்சரிப்பில் போனது எழுத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ‘தாத்தா, சொல்லாத ஜி, ஹெச் இரண்டையும் எதற்கு எழுத வேண்டும்?’ என்று பேரப்பிள்ளை ஸ்பெல்லிங்கில் அழுதால், அது செத்துப்போன ஒரு சத்தத்தின் எலும்புக்கூடு என்று சொல்லுங்கள்.

லத்தீனில் இதே வேலைக்கு ‘ஹின்னீரே’ என்ற சொல். நாம் தினம் கேட்கிற இந்தியில் ‘ஹின்ஹினானா’. சமஸ்கிருதத்தில் ‘ஹேஷா’. எல்லாரும் அந்த ‘ஹ’வைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் பாருங்கள். மராத்தியில் ‘கிங்காளணே’. நம்முடைய கனைப்பும் ‘க’வில்தான் ஆரம்பிக்கிறது. மற்றவர்கள் குதிரையின் மூக்கைக் கேட்டார்கள், நாமும் மராத்தியர்களும் தொண்டையைக் கேட்டோம் என்பது என் சொந்த அபிப்பிராயம். மொழியியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

‘வின்னி’ என்பது நெய்க்குத் தங்கை. சொல்லுக்கு வயது சுமார் ஐந்நூறு வருஷம். நெய் உரத்தது, வின்னி சற்று மென்மையானது, கீச்சுக்குரல் கலந்தது என்று அகராதிகள் பிரித்துக்காட்டும். லாயத்து ஆட்களும் விஞ்ஞானிகளும் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகவே வைத்துப் பேசுகிறார்கள். உயரத்தில் ஆரம்பித்து, நடுவில் அதிர்ந்து, கடைசியில் அடித்தொண்டைக்கு இறங்குகிற நீளமான அழைப்பு அது. ‘நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?’ என்பதுதான் அதன் பொருள். குதிரை கூட்டத்தில் வாழ்கிற பிராணி. கூட்டாளி கண்ணுக்கு மறைந்தால் அதற்குத் தாங்காது. நம் சினிமாவில் குதிரை திரைக்கு வந்தாலே கனைக்கும்; கதாநாயகன் ஏறினால் ஒரு கனைப்பு, இறங்கினால் ஒரு கனைப்பு. நிஜத்தில் சவாரி போகிற குதிரை வாயே திறக்காமல் மைல்கணக்கில் போகும். அதன் ஜோடியை லாரியில் ஏற்றி அனுப்பிப் பாருங்கள், அப்போது கேட்கலாம்.

குரலை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொள்கிறது என்பதை 2009-ல் இங்கிலாந்தின் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார் அழகாகக் காட்டினார்கள். ஒரு குதிரையின் கண்ணெதிரே அதற்குத் தெரிந்த இன்னொரு குதிரையை நடத்திக்கொண்டு போய் மறைவில் நிறுத்தினார்கள். பிறகு ஒலிபெருக்கியில் ஒரு கனைப்பு. போன குதிரையின் குரலே வந்தால் இது அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. வேறொரு தோழனின் குரல் வந்தால் மட்டும் சட்டென்று திரும்பி அந்தப் பக்கமே வெகுநேரம் பார்த்தது. ‘போனது அவன், கூப்பிடுவது இவனா?’ என்ற குழப்பம்!

2015-ல் ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் எலோடி பிரீஃபர் என்ற பெண்மணியின் குழு இன்னும் உள்ளே போனது. ஒரே கனைப்பில் கீழ் ஸ்தாயி ஒன்றும் மேல் ஸ்தாயி ஒன்றுமாக இரண்டு சுருதிகள் தனித்தனியே ஓடுகின்றன என்று கண்டார்கள். நாதஸ்வரமும் ஒத்தும் ஒரே ஆள் வாசிக்கிற மாதிரி. ஒரு சுருதி, குதிரை எவ்வளவு பரபரப்பில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. மற்றது, அது சந்தோஷப் பரபரப்பா, சங்கடப் பரபரப்பா என்பதைச் சொல்கிறது. தோழன் திரும்பி வரும்போது கனைப்பு குறுகலாகவும், பிரியும்போது நீளமாகவும் இருக்கிறதாம். எங்கள் பண்ணை சைஸ்கள் இதைக் கேட்டால், ‘இதற்கு மெஷின் வேண்டுமா பாபுஜி?’ என்று சிரிப்பார்கள். (சைஸ் என்றால் குதிரைக்காரர். அரபியில் பிறந்து, இந்துஸ்தானி வழியாக ஆங்கில அகராதிக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்ட சொல்.)

ஒரு கனைப்பு சாம்ராஜ்யத்தையே தீர்மானித்த கதையும் உண்டு. கிரேக்க சரித்திர ஆசிரியர் ஹெரடோட்டஸ் எழுதிவைத்தது. கி.மு. 522-ல் பாரசீகச் சிம்மாசனம் காலி. சதியில் சேர்ந்திருந்த பிரபுக்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். விடியற்காலையில் எல்லாரும் குதிரையேறி ஊருக்கு வெளியே போவது. சூரியன் உதித்ததும் யாருடைய குதிரை முதலில் கனைக்கிறதோ அவர் ராஜா. டேரியஸிடம் ஒயிபாரஸ் என்று கெட்டிக்காரக் குதிரைக்காரன் ஒருவன் இருந்தான். எஜமானனின் குதிரைக்கு எந்தப் பெண் குதிரை மேல் பிரியம் என்பது அவனுக்குத் தெரியும். முந்தின இரவே அதைக் கொண்டுபோய் வழியில் கட்டி, ஆண் குதிரையை அங்கே அழைத்துப்போய்க் காட்டிவிட்டான். காலையில் அந்த இடம் வந்ததும் டேரியஸின் குதிரை ஓடிப்போய்க் கனைத்தது. மற்றவர்கள் இறங்கி வணங்கினார்கள். கதை நிஜமோ கட்டுக்கதையோ, சூட்சுமம் நிஜம். கனைப்பு சும்மா வராது, யாரையாவது நினைத்துத்தான் வரும் என்பதை அந்தச் சேவகன் அறிந்திருந்தான்.

‘நிக்கர்’தான் எனக்குப் பிடித்த சொல். வட இங்கிலாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துப் பேச்சு வழக்கிலிருந்து வந்தது. வாயைத் திறக்காமல் அடித்தொண்டையில், மூக்குத் துவாரங்கள் படபடக்க, விட்டுவிட்டு வருகிற சத்தம். தூரத்துக்குக் கேட்காது, பக்கத்தில் இருப்பவருக்கென்றே போடுவது. மூன்று சந்தர்ப்பங்களில் கேட்கலாம். தீனிவாளியோடு ஆள் வருவது தெரிந்தால் ஒன்று. ஆண் குதிரை பெண் குதிரையை நெருங்கும்போது ஒன்று. தாய், குட்டியை அழைக்கும்போது ஒன்று. மூன்றிலும் மெல்லியது தாயினுடையது. குட்டி ஈன்று இன்னும் எழுந்திருக்காமல் படுத்திருக்கும்போதே கழுத்தை வளைத்துக் குட்டியைப் பார்த்து இந்தச் சத்தத்தைப் போடும். தீனி நேரத்தில் நிக்கர் இல்லை என்றால் மானேஜர் ஏன் ஓடினார் என்பது இப்போது விளங்கியிருக்கும். வாளியைப் பார்த்தும் வாய் திறக்காத குதிரைக்கு உடம்பு சரியில்லை.

‘ஸ்னார்ட்’டும் ‘ப்ளோ’வும் தொண்டைச் சத்தமே இல்லை, மூச்சு. ப்ளோ என்பது மூக்கால் ‘ஃபூ’வென்று ஒரே அடியாக ஊதித் தள்ளுவது. கழுத்து நிமிர்ந்து, காது விறைத்து, கண் ஒரே இடத்தில் நிற்க இது வந்தால், குதிரை எதையோ கண்டு பயப்படுகிறது என்று பொருள். நாம் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை குதிரைமேல் வருவார். பாண்டு வாத்தியம், பட்டாசு, ஜெனரேட்டர் விளக்கு எல்லாம் காதோரத்தில். நம் குழந்தைகள் குதிரையைத் தொட்டுப் பார்க்க வாலுக்குப் பின்னால் போய் நிற்பார்கள். அந்த ஊதல் கேட்டால் குழந்தையை இழுத்துக்கொள்ளுங்கள். மாதேரானில் சவாரிக்கு ஏறும்போதும் இதே எச்சரிக்கைதான்.

ஆனால் எல்லா மூக்குச் சத்தமும் பயமல்ல. உதடும் மூக்கும் தளர்ந்து ‘ப்ர்ர்ர்’ என்று அதிர வருகிற ஸ்னார்ட் வேறு ஜாதி. தூசு போகத்தான் அப்படிச் செய்கிறது என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிரான்ஸில் ரென் பல்கலைக்கழகத்தார் 48 குதிரைகளைக் கவனித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில் வேறு விஷயம் தெரிந்தது. தனிக் கொட்டடியில் அடைத்துவைத்த குதிரைகளைவிட, கூட்டமாகப் புல்வெளியில் மேய விட்டவை அதிகம் ஸ்னார்ட் செய்தன. நிம்மதியாக மேய்கிறபோதுதான் அது அதிகம் வந்தது. சாப்பாட்டுக்குப் பின் ஈஸிசேரில் சாய்ந்த தாத்தா விடுகிற ‘அப்பாடா’வுக்கு இதை ஒப்பிடலாம்.

‘ஸ்க்வீல்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்பின் அறியாத இரண்டு குதிரைகள் மூக்கோடு மூக்கு வைத்து முகர்ந்து பார்க்கும். அடுத்த நொடி ஒன்று கீச்சென்று வீறிட்டு முன்னங்காலால் தரையை அடிக்கும். ‘கிட்டே வராதே’ என்பது பொருள். அதுவே முற்றிச் சண்டையானால் ஸ்க்ரீம்.

இனி ‘க்ரோன்’. முனகல் என்று தமிழில் சரியாகவே சொல்லலாம். இதைப் பற்றி நான் சொந்தமாகவே சொல்ல முடியும்.

1994 மார்ச் கடைசி வாரம். வருஷக் கணக்கு முடிக்கிற நேரமாதலால் ராத்திரியும் பண்ணை ஆபீசிலேயே தங்கியிருந்தேன். குதிரைகள் குட்டி போடுகிற பருவமும் அதுதான். அதுவும் பெரும்பாலும் இரவில்தான் போடும். ஒரு மணி இருக்கும். வயதான சைஸ் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். ‘பாபுஜி, பழுப்புக் குதிரை சத்தம் போடுகிறது. டாக்டர் சாகேபுக்கு போன் போடுங்கள்’ என்றார். நிறைசினைக் குதிரை, நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மானேஜர் ஊரில் இல்லை. பண்ணையில் டெலிபோன் ஆபீசில் மட்டும்தான்.

நகரத்தில் தூங்கிக்கொண்டிருந்த டாக்டரை எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: ‘என்ன சத்தம்? நிக்கரா, க்ரோனா?’ சைஸிடம் திரும்பிக் கேட்டேன். அவர் இந்தியில், ‘வலிக்கிற மாதிரி இருக்கிறது, ஆனால் நாள் நெருங்கியதாலும் இருக்கலாம்’ என்றார். டாக்டர் போனை வைக்காமல், ‘நீங்களே போய் ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள். குட்டி போடுகிற அமைதியின்மை என்றால் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள், நான் காலையில் வருகிறேன். க்ரோன் என்றால் இப்போதே கிளம்ப வேண்டும்’ என்றார்.

டார்ச் லைட்டோடு போய் லாயத்துக்கு வெளியே இருட்டில் நின்றேன். மூச்சை இழுக்கும்போது ஒன்றுமில்லை. விடும்போது, கடைசியில், அடிவயிற்றிலிருந்து ‘ம்ம்ஹ்’ என்று ஒரு சத்தம். நடுநடுவே பல்லைக் கடிக்கிற கரகரப்பு. வெளிச்சம் காட்டினால், கழுத்தைத் திருப்பித் தன் விலாவையே பார்க்கிறது, கழுத்தெல்லாம் வேர்வை. நிக்கருக்குத் துடிப்பு உண்டு, யாரையோ பார்த்துப் போடுவது. இது யாரையும் பார்த்துப் போடுகிற சத்தமாக இல்லை. ஓடி வந்து, ‘க்ரோன் டாக்டர், பல்லையும் கடிக்கிறது’ என்றேன். ‘நடத்திக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள், படுக்க விடாதீர்கள்’ என்று போனை வைத்துவிட்டார்.

முக்கால் மணியில் வந்தார். ஸ்டெதாஸ்கோப்பை விலாவில் வைத்து வெகுநேரம் கேட்டார். குதிரையின் குடல் எப்போதும் கடமுடவென்று உருண்டுகொண்டே இருக்க வேண்டும். அன்று ஒரு பக்கம் நிசப்தம். இத்தனை சத்தங்களுக்கும் பேர் வைத்தவர்கள் மிகவும் பயப்படுவது அந்த நிசப்தத்துக்குத்தான் என்று அப்போது தெரிந்துகொண்டேன். ‘காலிக்’ என்றார். குதிரைக்கு வயிற்று வலி என்பது நமக்கு வருகிற வயிற்று வலி அல்ல. அதற்கு வாந்தியெடுக்க வராது, குடல் முறுக்கிக்கொண்டால் உயிரே போகும். ஊசி போட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு பாரஃபின் எண்ணெய் செலுத்தினார். மாற்றி மாற்றி விடியும்வரை நடத்தினோம். ஐந்தரை மணிக்கு டாக்டர் மறுபடி காதை வைத்துக் கேட்டார். என்னையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். தூரத்தில் கட்டை வண்டி போகிற மாதிரி இருந்தது. சைஸ் ஆகாயத்தைப் பார்த்துக் கும்பிட்டார். சற்று நேரத்தில் சாணமும் போட்டது. அன்றைக்கு எல்லாருக்கும் இரண்டு தடவை டீ.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு பெண் குட்டி. காலையில் போய்ப் பார்த்தேன். குட்டி நிற்க முயன்று முயன்று விழுந்துகொண்டிருந்தது. அது விழும்போதெல்லாம் தாய் அந்த நிக்கரைச் செய்தது.

‘ரோர்’ செய்கிற குதிரை என்று முன்னால் சொன்னேனே, அது பேச்சு அல்ல, நோய். குரல்வளையை இயக்குகிற இடப்பக்க நரம்பு மார்புக்குள் இறங்கி, பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. நீளமான பாதை. உயரமான குதிரைகளில் அது செயலிழந்தால், குரல்வளையின் ஒரு பக்கம் திறக்காமல் தொங்கும். நான்கு கால் பாய்ச்சலில் மூச்சை இழுக்கும்போது இரைச்சல் வரும். லேசாக இருந்தால் ‘விஸ்லர்’, கடுமையாக இருந்தால் ‘ரோரர்’. குதிரை வாங்குகிறவர்கள் ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பது இதற்குத்தான். லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தலைவராக இருந்த சர் ஃபிரடெரிக் ஹாப்டே (1869-1939) இதற்கு ஒரு அறுவை சிகிச்சையைப் பரப்பினார். அதனால் அவர் பெயரே ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகிவிட்டது: ‘இந்தக் குதிரை ஹாப்டே செய்யப்பட்டது’ என்பார்கள். நம் ஊரில் எந்த டாக்டருக்கும் இந்தப் பாக்கியம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

தொண்டையில் கத்தி வைத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கிறது. 1944-ல் விங்கேட்டின் சிண்டிட் படை இந்தியாவிலிருந்து பர்மா காட்டுக்குள் ஜப்பானியர் பின்னால் போய் இறங்கியபோது, சுமை தூக்க ஏராளமான கோவேறு கழுதைகளைக் கொண்டுபோனது. ஒன்று கத்தினாலும் படை இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். அதனால் முன்கூட்டியே அவற்றின் குரல் நாண்களை அறுத்துவிட்டார்கள். கணக்கில் அது ராணுவத் தேவை. எனக்கு அதைப் படித்த அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

இலக்கியக்காரர்களும் இந்தச் சத்தங்களை விடவில்லை. ஜோனதன் ஸ்விஃப்ட் 1726-ல் வெளியிட்ட ‘கலிவரின் பயணங்கள்’ நான்காம் பாகத்தில் அறிவுள்ள குதிரைகளின் நாடு ஒன்று வருகிறது. அந்த ஜாதிக்கு அவர் வைத்த பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாது, கனைக்கத்தான் முடியும்: ‘ஹுயின்ஹ்ன்ம்’. ஊர் திரும்பிய கலிவர் இரண்டு குதிரைகளை வாங்கி, தினமும் நான்கு மணி நேரம் லாயத்தில் அவற்றோடு பேசிக்கொண்டிருப்பார். அன்னா ஸூவெல் என்ற அம்மாள், சிறுவயதில் கால் ஊனமாகி எங்கு போவதானாலும் குதிரைவண்டியையே நம்பி வாழ்ந்தவர், 1877-ல் ‘பிளாக் பியூட்டி’யைக் குதிரையே தன் கதையைச் சொல்வதாக எழுதினார். முதல் பக்கத்தில் ஆசிரியர் என்று போட்டுக்கொள்ளாமல், குதிரை பாஷையிலிருந்து மொழிபெயர்த்தவர் என்று போட்டுக்கொண்டார். அடுத்த வருஷமே காலமாகிவிட்டார். அவர் எழுதிய ஒரே நாவல் அது.

நம் பக்கம் வருவோம். பரி, புரவி, இவுளி, துரகம், வாசி என்று குதிரைக்குத் தமிழில் பெயருக்குப் பஞ்சமே இல்லை. சத்தத்துக்குத்தான் கனைப்பு ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம். காரணம் எளிது. குதிரை நமக்குக் கப்பலில் வந்த சரக்கு. சங்க காலத்துப் ‘பட்டினப்பாலை’யே காவிரிப்பூம்பட்டினத் துறையில் கடல்வழி வந்த குதிரைகளைச் சொல்கிறது. வாங்கியவன் அரசன், ஏறியவன் வீரன். கவிஞர் கேட்டது போர்க்களத்துக் கனைப்பை. நடுராத்திரியில் லாயத்து வைக்கோலில் படுத்து முனகலையும் செருமலையும் கேட்டவர்கள் செய்யுள் எழுதவில்லை. குதிரையின் குரலைக் கொஞ்சம் கவனித்த கதை என்று பார்த்தால், திருவிளையாடலில் நரி பரியானது ஒன்று. பார்வைக்குச் சுழி சுத்தமான குதிரைகள். ராத்திரி ஊளையிட்டபோதுதான் பாண்டியனின் ஆட்களுக்கு விஷயம் தெரிந்தது.

அதற்குப் பதில் கனைப்பை நாம் தாராளமாகப் பங்கு போட்டிருக்கிறோம். திருப்பாவையின் பன்னிரண்டாம் பாசுரத்தில் கனைப்பது எருமை. மாமனார் கூடத்துக்குள் வருமுன் கனைத்துக்கொண்டு வருவார். ஆங்கிலப் பிள்ளைகள் தொண்டை கட்டிக்கொண்டால், ‘ஐ ஆம் எ லிட்டில் ஹார்ஸ்’ என்று ஜோக் அடிப்பார்கள். கரகரத்த தொண்டைக்கும் குதிரைக்கும் அவர்கள் மொழியில் ஒரே உச்சரிப்பு. தொண்டையும் குதிரையும் இரண்டு மொழியிலும் வெவ்வேறு வழியில் போய் ஒன்றாக முட்டிக்கொள்வது எனக்கு இன்றைக்கும் வேடிக்கையாக இருக்கிறது.

இவ்வளவு சொன்னபின் நிக்கருக்குத் தமிழ் என்ன என்று கேட்பீர்கள். ஸ்க்வீலுக்கு வீறிடல் இருக்கிறது, ப்ளோவுக்குச் சீறல் இருக்கிறது, க்ரோனுக்கு முனகல். நிக்கருக்கு மட்டும் கையில் ஒன்றும் அகப்படவில்லை. செருமல் என்றால் சளி ஞாபகம் வருகிறது. உறுமல் புலிக்குப் போய்விட்டது. நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் போன மாதம் இதையே ஒரு போட்டியாக வைத்தேன். தாய்க் குதிரை குட்டியைப் பார்த்துப் போடுகிற சத்தத்தை முடிந்தவரை செய்துகாட்டி (வகுப்பு அடங்கப் பத்து நிமிஷம் பிடித்தது), இதற்கு நீங்களே ஒரு தமிழ்ச்சொல் சொல்லுங்கள் என்றேன். ‘குட்டிக் கனைப்பு’ என்றான் ஒருவன். ‘மூக்குக் கொஞ்சல்’ என்றது இன்னொன்று. கிளிக்குரிய கொஞ்சலைக் குதிரைக்குக் கொடுக்கலாமா என்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெற்றோர் இருவருக்குள் விவாதமே வந்துவிட்டது. கடைசி பெஞ்சில், தமிழை இந்தி ராகத்தில் பேசுகிற ஏழு வயதுப் பெண் ஒன்று எழுந்து, ‘ம்முகுது’ என்றது. அப்படி ஒரு சொல் இல்லையே அம்மா என்றார் பக்கத்தில் இருந்த ஆசிரியை. நான் அதையும் கரும்பலகையில் எழுதினேன்.